ஆவிக்குரிய போராட்டம்: தாக்குதலை இனங்காணலும் மேற்கொள்ளலும்



கிறிஸ்தவ வாழ்வில் ஏற்படும் ஆவிக்குரிய தாக்குதல்கள் பற்றி இப்பாடத்தில் நோக்குவோம். பரீட்சையில் இதிலிருந்து பல்தேர்வு வினாக்களும் விளக்க வினாக்களும் வரக்கூடும். ஆயினும் புள்ளிகளுக்காக மட்டும் இதைப் படிக்காதீர்கள். பரீட்சை மண்டபத்துக்கு வெளியிலும் உங்களுக்குத் தேவைப்படும் பாடம் இது.

சில வருடங்களுக்கு முன்னர் பனிச்சங்கேணியில் எனது மாலை வகுப்புக்கு வந்துகொண்டிருந்த மாணவி ஒருத்தி, பரீட்சைக்கு இரண்டு மாதங்கள் இருக்கையில் திடீரென நின்றுவிட்டாள். ஒரு நாள் வீதியில் கண்டு விசாரித்தேன்.

"பக்கத்து வீட்டாக்கள் எங்களுக்குச் சூனியம் வைச்சிட்டாங்களாம், ரீச்சர். அப்பா காய்ச்சலில விழுந்ததும் அதாலதானாம். எனக்கும் படிச்சது ஒண்டும் மண்டையில நிக்குதில்ல."

"அப்பா இப்ப எங்க, மகள்?"

"ஆசுபத்திரியில."

"நீங்க கடைசியா எப்ப நல்லா நித்திரை கொண்டீங்க?"

அவள் பதில் சொல்லவில்லை. அழத் தொடங்கினாள். தாய் வைத்தியசாலையில் நின்றதால், தண்ணீர் அள்ளுவதும், சமைப்பதும், இரண்டு தம்பிமாரைப் பார்ப்பதும் அவள் தலையில் விழுந்திருந்தன. நான்கு இரவுகளாக அவளுக்குச் சரியான உறக்கமில்லை. தகப்பனுக்கு வந்தது எலிக்காய்ச்சல் என வைத்தியர்கள் கண்டறிந்தனர். வயலில் வேலை செய்வோருக்கு வரக்கூடிய நோய் அது. சிகிச்சையால் அவர் சுகமடைந்தார். ஆனால் ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளிய அந்த இரண்டு வீட்டாரும் மீண்டும் ஒருவரோடொருவர் பேசுவதற்குப் பல மாதங்கள் சென்றன.

இச்சம்பவத்தில் ஆவிக்குரிய தாக்குதல் நடந்ததா? நடந்தது என்றே நான் எண்ணுகின்றேன். ஆனால் அது நடந்த இடம் எது? காய்ச்சலிலா, படிப்பிலா, அல்லது வேறெங்குமா? இக்கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு பாடத்துக்குள் செல்வோம்.

1. சொற்களின் பொருள்

"சாத்தான்" என்ற எபிரெயச் சொல்லுக்கு "எதிராளி" என்பது பொருள். புதிய ஏற்பாட்டில் பிசாசைக் குறிக்கும் "டயபோலோஸ்" என்ற கிரேக்கச் சொல் "அவதூறு சொல்பவன்" எனப் பொருள்படும். யோவான் 8:44இல் இயேசு அவனைப் பொய்யின் தகப்பன் என்கிறார். வெளிப்படுத்தல் 12:10 அவனைக் குற்றஞ்சாட்டுபவனாகக் காட்டுகின்றது.

இப்பெயர்கள் எல்லாம் பேச்சோடு தொடர்புடையவை என்பதைக் கவனியுங்கள். திரைப்படங்களில் பேய் கதவைத் தட்டும், விளக்கை அணைக்கும். வேதாகமம் காட்டும் எதிராளியோ பெரும்பாலும் பேசுகின்றான். ஏதேனில் ஏவாளிடம் அவன் முதலில் செய்தது ஒரு கேள்வி கேட்டதுதான் (ஆதியாகமம் 3:1).

எனவே ஆவிக்குரிய தாக்குதல் என்பதைப் பின்வருமாறு வரையறை செய்யலாம்: கடவுளைப் பற்றியோ, நம்மைப் பற்றியோ, அயலவரைப் பற்றியோ ஒரு பொய்யை நம்பச் செய்து, கடவுளிடமிருந்தும் மனிதரிடமிருந்தும் நம்மைப் பிரிக்கும் முயற்சியே ஆவிக்குரிய தாக்குதலாகும்.

2. எல்லாத் துன்பமும் தாக்குதல் அல்ல

மாணவர் பலர் தவறுவது இவ்விடத்திலேயே. துன்பம் வந்தவுடன் "இது பிசாசின் வேலை" என்று எழுதிவிடுகிறார்கள். வேதாகமம் அவ்வாறு அவசரப்படுவதில்லை. துன்பத்துக்கும் சோதனைக்கும் பல காரணங்கள் இருக்கலாம்.

அ) இயற்கையும் உடலும். 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில் எலியா தீர்க்கதரிசி சாக விரும்பிச் சூரைச்செடியின் கீழ்ப் படுத்துக்கொள்கின்றார். கர்மேல் மலையில் பெருவெற்றி பெற்ற பின்னர், யேசபேலின் மிரட்டலுக்கு அஞ்சி ஓடிக் களைத்திருந்த நேரம் அது. கடவுள் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, பேயோட்டவும் இல்லை. உறங்கவிட்டார். தூதன் மூலம் அப்பமும் தண்ணீரும் இரண்டு தரம் கொடுத்தார். அதன் பின்னரே ஓரேப் மலையில் அவரோடு பேசினார். உறக்கமும் உணவும் கூடக் கடவுளின் உதவிகளே.

ஆ) நம்முடைய சொந்த இச்சை. ஒவ்வொருவனும் தன் சொந்த இச்சையினாலேயே இழுக்கப்படுகின்றான் என யாக்கோபு 1:14 கற்பிக்கின்றது. இரவு முழுவதும் கைத்தொலைபேசி பார்த்துவிட்டு, காலையில் படிக்க முடியாததைப் பிசாசின் தலையில் போடுவது நியாயமல்ல.

இ) மற்றவர்களின் பாவம். போரும் வன்முறையும் அநீதியும் மனிதர் செய்பவை. 2006ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வாகரைப் பிரதேச மக்கள் யுத்தத்தினால் ஊரை விட்டு வெளியேறி நடந்தபோது, அவர்கள் செய்த பாவத்துக்காக அது நேரவில்லை.

லூக்கா 13:1-5இல், சீலோவாமின் கோபுரம் விழுந்து இறந்த 18 பேர் மற்றவர்களை விடப் பெரிய பாவிகள் அல்லர் என்று இயேசு கூறினார். யோவான் 9இல் பிறவிக் குருடனைப் பற்றியும், அது அவனுடைய பாவமும் அல்ல, பெற்றோருடைய பாவமும் அல்ல என்றார். இவ்விரு பகுதிகளையும் கட்டாயம் ஞாபகத்தில் வைத்திருங்கள்.

2004 டிசெம்பர் 26ஆம் திகதி சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் ஏற்பட்ட நில நடுக்கமே சுனாமிக்குக் காரணம். அந்த அலை எமது கரையையும் தாக்கியது. அது பூமித்தட்டுகளின் அசைவினால் ஏற்பட்ட அனர்த்தம். ஆனால் அதற்குப் பின்னர் வேறு ஒன்றும் வந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாரிடம், "உங்கள் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை" என்று சொன்னவர்களும் இருந்தார்கள். யோபுவின் நண்பர்கள் செய்த அதே பிழை இது. யோபுவின் நூலின் முடிவில் (42:7) கடவுள் கோபித்தது யோபுவின் மீதல்ல, அந்த நண்பர்கள் மீதே. அலை தாக்குதல் அல்ல. அலையால் உடைந்துபோன மனதிடம் "கடவுள் உன்னை வெறுத்துவிட்டார்" என்று சொல்லும் குரலே தாக்குதல்.

3. தாக்குதலை இனங்காண்பது எப்படி?

இதற்கு மிகச் சிறந்த பாடம் இயேசு வனாந்தரத்தில் சோதிக்கப்பட்ட நிகழ்ச்சி (மத்தேயு 4:1-11, லூக்கா 4:1-13). இதிலிருந்து நான்கு அடையாளங்களைக் கண்டுகொள்ளலாம்.

முதலாவது: பலவீனமான வேளையில் வருகின்றது. இயேசு 40 நாட்கள் உபவாசமிருந்து பசியாயிருந்தபோதே சோதனைக்காரன் வந்தான். முதற் சோதனையும் அப்பத்தைப் பற்றியதாகவே இருந்தது. களைப்பு, பசி, தனிமை, இழப்பு, பரீட்சைப் பயம் ஆகியவை பாவங்கள் அல்ல. ஆனால் அவ்வேளைகளில் அதிக விழிப்புத் தேவை.

இரண்டாவது: நாம் யார் என்பதைச் சந்தேகிக்கச் செய்கின்றது. மத்தேயு 3ஆம் அதிகாரத்தின் இறுதியில், யோர்தானில், இயேசு தமது நேச குமாரன் என்று பிதா சாட்சியிடுகின்றார். அடுத்த அதிகாரத்தில் சோதனைக்காரன் "நீர் குமாரன் என்றால்" எனத் தொடங்கி, அதை நிரூபித்துக் காட்டச் சொல்கின்றான். "ஒன்பது ஏ எடுத்தால்தான் நீ பெறுமதியானவள்", "கணிதத்தில் தவறினால் உன் வாழ்க்கை முடிந்தது" என்று உங்கள் மனதில் எழும் குரலும் இதே வகையைச் சேர்ந்ததே.

மூன்றாவது: நல்லதைப் போலத் தோன்றுகின்றது. தேவாலயத்து உப்பரிகையில் சோதனைக்காரன் சங்கீதம் 91இலிருந்தே வசனம் காட்டினான். வேதவசனம் சொல்பவர் எல்லாரும் உண்மை பேசுகிறார்கள் என எண்ண வேண்டாம். சாத்தான் ஒளியின் தூதனுடைய வேடத்தையும் தரித்துக்கொள்வான் என்கிறார் பவுல் (2 கொரிந்தியர் 11:14). இரவில் எமது வாவியில் விளக்கு வைத்து இறால் பிடிப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெளிச்சத்தை நாடி வரும் இறாலுக்கு வலை தெரிவதில்லை.

நான்காவது: குறுக்குவழி காட்டுகின்றது. மூன்றாம் சோதனையில் உலகத்தின் இராச்சியங்கள் யாவும் சிலுவையின்றியே தரப்படும் எனச் சொல்லப்பட்டது. விலை ஒரு வணக்கம் மட்டுமே. பரீட்சையில் பார்த்து எழுதுவதும், பணம் கொடுத்து வினாத்தாள் தேடுவதும் இவ்வகைக் குறுக்குவழிகளே.

இயேசு எவ்வாறு மேற்கொண்டார்? உபாகமம் 8:3, 6:16, 6:13 ஆகிய வசனங்களால் முறையே பதிலளித்தார். நீண்ட விவாதம் செய்யவில்லை. பயந்து கூச்சலிடவும் இல்லை. தாம் முன்பே கற்று உள்ளத்தில் வைத்திருந்ததை எடுத்துச் சொன்னார். லூக்காவின் விவரத்தில் இரண்டாம், மூன்றாம் சோதனைகளின் ஒழுங்கு மாறி வருவதைக் குறித்துக்கொள்ளுங்கள். பல்தேர்வு வினாவில் மாணவர் குழம்பக்கூடிய இடம் இது. மேலும், பிசாசு சிலகாலம் மட்டும் விலகிப்போனான் என லூக்கா 4:13 கூறுகின்றது. ஒருமுறை வென்றால் போராட்டம் முடிந்துவிடுவதில்லை.

4. எபேசு பட்டணத்தாரும் நாமும்

ஆவிக்குரிய போராட்டம் பற்றிய முக்கிய பகுதி எபேசியர் 6:10-18. இதை விளங்கிக்கொள்ள எபேசு பட்டணத்தை அறிந்திருக்க வேண்டும். இன்றைய துருக்கி நாட்டில் அதன் இடிபாடுகள் உள்ளன. தியானாள் தேவியின் (கிரேக்கர் அர்த்தெமிஸ் என அழைத்தனர்) பெருங்கோவில் அங்கே இருந்தது. மந்திரத்துக்கும் அவ்வூர் பெயர்பெற்றிருந்தது. பாதுகாப்புக்காக உச்சரிக்கவும் தாயத்துகளில் எழுதி அணியவும் பயன்பட்ட மந்திரச் சொற்களை அக்காலத்தோர் "எபேசிய எழுத்துக்கள்" என்றே அழைத்தனர்.

இது நமக்குப் புதிதல்ல. "மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்டவைத்து விடுவார்கள்" என்று வெளியூரார் சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். எபேசுவின் பெயரும் அந்நாளில் அவ்வாறே பேசப்பட்டது.

அப்போஸ்தலர் 19ஆம் அதிகாரத்தில் இரண்டு சம்பவங்கள் உள்ளன. முதலாவது, ஸ்கேவா என்பவனின் ஏழு குமாரர் இயேசுவின் பெயரை ஒரு மந்திரச் சொல்லாகப் பயன்படுத்திப் பேயோட்ட முயன்று, காயமடைந்து ஓடினார்கள். இயேசுவின் பெயரேயானாலும், அவரை அறியாமல் மந்திரமாக உச்சரித்தால் பயனில்லை என்பதே இதன் பாடம். இரண்டாவது, விசுவாசிகளானவர்கள் தங்கள் மந்திர நூல்களைக் கொண்டுவந்து எல்லாருக்கும் முன்பாக எரித்தார்கள். அவற்றின் விலை 50,000 வெள்ளிக்காசு எனக் கணக்கிடப்பட்டது. தாங்களே கொண்டுவந்து, தங்களுடையவற்றையே எரித்தார்கள் என்பதைக் கவனியுங்கள். மற்றவர்களின் கோவிலுக்குள் அவர்கள் புகவில்லை.

பயத்தில் வாழ்ந்து பழகிய இம்மக்களுக்கு எழுதும் நிருபத்தில் பவுல் இன்னும் வலிமையான ஒரு மந்திரத்தைக் கொடுத்திருக்கலாம் அல்லவா? அவ்வாறு கொடுக்கவில்லை. அவர் கொடுத்தது உண்மை, நீதி, சமாதானம், விசுவாசம், இரட்சிப்பு, வசனம், ஜெபம். இவற்றில் ஒன்றுகூடக் கழுத்தில் கட்டித் தொங்கவிடும் பொருள் அல்ல. எல்லாம் வாழும் விதம். இப்பாடத்தின் மையக் கருத்து இதுவே. கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள்: சர்வாயுதவர்க்கம் தாயத்து அல்ல, வாழ்க்கை முறை.

5. சர்வாயுதவர்க்கம்

எபேசியர் நிருபம் பவுல் சிறையிலிருந்தபோது எழுதியதாக அந்நிருபமே கூறுகின்றது (3:1, 6:20). காவலுக்கு நின்ற உரோமப் போர்வீரரை அவர் தினமும் கண்டிருப்பார். ஏசாயா 59:17இல் கடவுளே நீதியை மார்க்கவசமாகவும் இரட்சிப்பைத் தலைச்சீராவாகவும் அணிகின்றார். ஆகவே இது முதலில் கடவுளுடைய ஆயுதவர்க்கம். நமக்கு அவர் தருகின்றார்.

(1) சத்தியம் என்னும் கச்சை. அங்கியை இறுகக் கட்டி, வாளைத் தாங்குவது கச்சை. தாக்குதல் பொய்யாக வருவதால் முதல் ஆயுதம் உண்மையாக உள்ளது. வீட்டில் பொய் சொல்லிப் பழகியவர் மனதில் எழும் பொய்யை இனங்காண்பது கடினம்.

(2) நீதி என்னும் மார்க்கவசம். நெஞ்சைக் காப்பது. நேர்மையாக நடப்பவரைக் குற்றஞ்சாட்டும் குரல் எளிதில் வீழ்த்தாது. தவறிவிட்டால், அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறலாம் (1 யோவான் 1:9).

(3) சமாதான சுவிசேஷத்தின் ஆயத்தம் என்னும் பாதரட்சை. உரோம வீரரின் பாதணிகளின் அடியில் இரும்பு ஆணிகள் அடிக்கப்பட்டிருந்தன. வழுக்காமல் நிற்க அவை உதவின. போர்க்களத்தில் உறுதியாக நிற்கச் செய்வது சமாதானம் என்பது சிந்திக்கத்தக்கது.

(4) விசுவாசம் என்னும் கேடகம். உரோமரின் பெரிய கேடகம் மரத்தால் செய்யப்பட்டுத் தோலால் போர்த்தப்பட்டது. வீரர்கள் அவற்றை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்தால் ஒரு சுவராக மாறும். பவுல் இப்பகுதியை ஒருவருக்கல்ல, ஒரு சபைக்கே "நீங்கள்" எனப் பன்மையில் எழுதுகின்றார். உங்கள் விசுவாசம் தளரும் நாளில் பக்கத்தில் நிற்பவரின் கேடகம் உங்களையும் மறைக்கும். தனித்து நிற்பவரே எளிதில் விழுவார்.

(5) இரட்சணியம் என்னும் தலைச்சீரா. தலையை, அதாவது சிந்தனையைக் காப்பது. 1 தெசலோனிக்கேயர் 5:8 இதை இரட்சிப்பின் நம்பிக்கை என்கின்றது. எல்லாம் முடிந்துவிட்டது என்ற எண்ணத்துக்கு எதிரான காப்பு இது.

(6) ஆவியின் பட்டயம், அதாவது தேவவசனம். உரோம வீரரின் வாள் குட்டையானது. நெருங்கிய போரில் பயன்படுவது. எந்த வேளையில் எந்த வசனம் தேவை என்பதை அறிந்து பயன்படுத்த வேண்டும். வனாந்தரத்தில் இயேசு செய்தது இதுவே.

இவற்றோடு எவ்வேளையும் செய்யும் ஜெபம் சேர்கின்றது (6:18). அதுவும் தனக்காக மாத்திரமல்ல, எல்லாப் பரிசுத்தவான்களுக்காகவும்.

இப்பகுதியில் "நிற்றல்" என்ற கருத்து மீண்டும் மீண்டும் வருகின்றது. துரத்திச் சென்று அழிக்கும்படி பவுல் சொல்லவில்லை. நிலைநிற்கவே சொல்கின்றார்.

6. எதிரி மனிதரல்லர்

எபேசியர் 6:12இல் பவுல் கூறுவது: நமது போராட்டம் மாம்சத்தோடும் இரத்தத்தோடும், அதாவது மனிதரோடு அல்ல. இப்பாடத்தில் எழுதுவதற்கு எளிதானதும் வாழ்வதற்குக் கடினமானதும் இவ்வசனமே.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொழும்பிலும் நீர்கொழும்பிலும் ஆலயங்களும், கொழும்பில் ஹோட்டல்களும் தாக்கப்பட்ட அதே காலையில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் தற்கொலைக் குண்டுதாரி ஒருவன் குண்டை வெடிக்கச் செய்தான். ஞாயிறு பாடசாலை முடிந்து பிள்ளைகள் வெளியே நின்ற நேரம். இறந்தோரில் பலர் உங்களிலும் இளைய சிறுவர். அவனை ஆலயத்தினுள் செல்லவிடாமல் தடுத்து வெளியே கொண்டுசென்ற சபையார் ஒருவரும் உயிரிழந்தார். நாடு முழுவதும் இறந்தவர்கள் 260 பேருக்கும் அதிகம்.

அது வெளிப்படையான தாக்குதல். அதன் பின்னர் சத்தமில்லாமல் இன்னொன்று வந்தது. "அவர்கள் எல்லாரும் இப்படித்தான்" என்ற பேச்சே அது. ஒரு சிலரின் குற்றத்தை ஒரு சமுதாயம் முழுவதன் மீதும் சுமத்தினார்கள். 2019 மே மாதத்தில் வடமேல் மாகாணத்தின் பல ஊர்களிலும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. எமது மாவட்டத்திலும் ஒரே சந்தையில் வாங்கி விற்றவர்கள் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்த்தார்கள். குண்டு உடலைக் கொன்றது. வெறுப்பு, உயிரோடு மீதியானவர்களின் உள்ளத்தைக் குறிவைத்தது.

அவ்வாறாயின் குற்றவாளிகளை விட்டுவிடுவதா? இல்லை. 2020ஆம் ஆண்டின் உயிர்த்த ஞாயிறன்று கொழும்புப் பேராயர் மல்கம் ரஞ்சித் கர்தினால், தாக்கியவர்களை மன்னித்துவிட்டதாக அறிவித்தார். அதே வேளை உண்மை வெளிவர வேண்டும், நீதி கிடைக்க வேண்டும் என்று அவர் தொடர்ந்து கேட்டும் வந்தார். 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம், தாக்குதலைத் தடுக்கத் தவறியமைக்காக முன்னாள் ஜனாதிபதி உட்படப் பல அதிகாரிகள் பாதிக்கப்பட்டோருக்கு நட்டஈடு செலுத்த வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. மன்னிப்பும் நீதியும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. நீதி குற்றம் செய்தவரைத் தேடும். வெறுப்போ குற்றமற்ற அயலவனையும் குற்றவாளியாக்கும்.

இப்பொழுது எனது மாணவியின் கதைக்குத் திரும்புவோம். தாக்குதல் நடந்த இடம் எது? கிணற்றடி. "பக்கத்து வீட்டாக்கள் சூனியம் வைச்சிட்டாங்க" என்ற பொய்யை நம்பிய நாளிலேயே இரண்டு குடும்பங்கள் பிரிந்தன. பிசாசைக் கண்டுவிட்டோம் என எண்ணி அயலவரைப் பகைத்தார்கள். கோபத்தோடு சூரியன் மறையவிடாதீர்கள், பிசாசுக்கு இடங்கொடாதீர்கள் என எபேசியர் 4:26-27 இரண்டையும் சேர்த்துச் சொல்வதன் காரணம் இதுவே.

7. வெற்றி என்பது என்ன?

தாக்குதலை மேற்கொண்டால் துன்பம் நீங்கிவிடும் எனச் சிலர் எழுதுவதுண்டு. பவுல் தமது "முள்" நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார். அது நீக்கப்படவில்லை. பலவீனத்தில் கிருபை போதுமானது என்ற பதிலே கிடைத்தது (2 கொரிந்தியர் 12:7-9).

மட்டக்களப்பின் வரலாற்றிலும் ஓர் உதாரணம் உண்டு. 1814இல் இலங்கைக்கு வந்த முதல் மெதடிஸ்த மிஷனரிமாரில் ஒருவர் வில்லியம் ஓல்ட். கடற்பயணத்தில் அவருடைய மனைவி இறந்தார். குழுவின் தலைவர் தோமஸ் கோக்கும் கடலிலேயே மரித்தார். ஓல்ட் தனியே மட்டக்களப்புக்கு வந்து, மொழி கற்று, பிள்ளைகளுக்குப் பாடசாலை தொடங்கினார். ஒரு வருடம் நிறைவுபெறு முன்னரே, 1815 ஏப்ரலில் நோயுற்று இறந்தார். "உன் பயணம் வீண்" என்று சொல்ல எதிராளிக்கு இதைவிட வேறு சந்தர்ப்பம் வேண்டியதில்லை. ஆயினும் மெதடிஸ்த மத்திய கல்லூரி தனது ஆரம்பத்தை 1814 என்றே கணக்கிடுகின்றது. துன்பம் இல்லாதிருப்பது வெற்றியல்ல. துன்பத்தின் நடுவில் பொய்யை நம்பாமல் நிற்பதே வெற்றி.

8. பரீட்சைக் காலத்துக்கான ஆலோசனைகள்

• மனம் கலங்கும்போது முதலில் கேளுங்கள்: நான் சாப்பிட்டேனா? உறங்கினேனா?
• மனதில் எழும் வாக்கியத்தை ஒரு தாளில் எழுதுங்கள். அது உண்மையா? அது என்னைக் கடவுளிடம் சேர்க்கின்றதா, பிரிக்கின்றதா? தாளில் எழுதிப் பார்த்தால் பல பொய்கள் தாமாகவே வெளுத்துவிடும்.
• பரிசுத்த ஆவியானவர் உணர்த்துவது குறிப்பிட்ட ஒரு தவறைக் காட்டி, திரும்பி வர வழி தரும். எதிராளி குற்றஞ்சாட்டினால் "நீ முழுவதும் கெட்டவன்" என்று சொல்லி வழியை அடைத்துவிடும்.
• தனியே இருக்காதீர்கள். பெற்றோர், ஆசிரியர், போதகர், நண்பர் ஆகியோரில் ஒருவரிடமாவது சொல்லுங்கள்.
• நோய்க்கு வைத்தியரிடம் செல்லுங்கள். ஜெபமும் மருந்தும் ஒன்றையொன்று தடுப்பதில்லை. "நல்ல விசுவாசம் இருந்தால் மருந்து வேண்டாம்" என யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.
• வாழ விருப்பமில்லை என்ற எண்ணம் வந்தால் அதை இரகசியமாக வைத்திருக்காதீர்கள். உடனே நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் கூறுங்கள். தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கம் 1926. சிறுவர் உதவி இலக்கம் 1929. அழைப்பது விசுவாசக் குறைவல்ல. எலியாவுக்குத் தூதன் தேவைப்பட்டது போலவே நமக்கும் உதவி தேவைப்படலாம்.

நினைவில் கொள்க

1. தாக்குதல் பெரும்பாலும் பொய்யின் வடிவில் வரும்.
2. எல்லாத் துன்பமும் தாக்குதல் அல்ல (லூக்கா 13:1-5, யோவான் 9:1-3).
3. சர்வாயுதவர்க்கம் தாயத்து அல்ல, வாழ்க்கை முறை (எபேசியர் 6:10-18).
4. நமது எதிரி மனிதரல்லர் (எபேசியர் 6:12).
5. வெற்றி என்பது நிலைநிற்றல்.

பயிற்சி வினாக்கள்

1. இயேசு சோதனைகளுக்குப் பதிலளிக்கப் பயன்படுத்திய பழைய ஏற்பாட்டு நூல் யாது?
2. எபேசுவில் எரிக்கப்பட்ட மந்திர நூல்களின் பெறுமதி எவ்வளவு?
3. எலியா சோர்வுற்றபோது கடவுள் அவருக்கு உதவிய விதத்திலிருந்து நீங்கள் கற்கும் இரண்டு பாடங்களை எழுதுக.
4. "ஒரு நோய் வந்தவுடன் அயலவர் மீது சூனியக் குற்றம் சுமத்துவது ஆவிக்குரிய போராட்டமாகாது." எபேசியர் 4:26-27, 6:12 ஆகியவற்றின் ஆதாரத்துடன் விளக்குக.
5. ஆயுதவர்க்கத்தின் ஏதேனும் மூன்று பகுதிகளை எடுத்து, ஒவ்வொன்றும் ஒரு மாணவரின் அன்றாட வாழ்வில் எவ்வாறு அணியப்படலாம் என உதாரணத்துடன் விளக்குக.

விடைகள்: 1. உபாகமம். 2. 50,000 வெள்ளிக்காசு. 3ஆம், 4ஆம் வினாக்களுக்கு முறையே 2ஆம், 6ஆம் பகுதிகளைப் பார்க்க. 5ஆம் வினாவுக்கு இப்புத்தகத்தில் உள்ள உதாரணங்களை அப்படியே எழுதாமல், உங்கள் வீட்டிலிருந்தும் வகுப்பிலிருந்தும் எடுத்து எழுதுங்கள்.

அம்மாணவி பின்னர் வகுப்புக்குத் திரும்பி வந்து பரீட்சை எழுதினாள். கிணற்றடியில் முதலில் வாய் திறந்து பேசியவளும் அவளே. அவள் பெற்ற புள்ளிகளை விட எனக்கு அதிக மகிழ்ச்சி தந்தது அதுவே. உங்கள் வீட்டுக்கு அருகிலும் பேச்சு நின்றுபோன ஒரு வீடு இருக்கலாம். இப்பாடத்தின் செய்முறைப் பயிற்சியை அங்கிருந்து தொடங்குங்கள்.